பட்டை உரிந்த சுகி, பிசின் வடியும் ஹினோக்கி: காயத்தைப் பார்த்துக் காரணம் அறிவது

ஜப்பானில் ஏறத்தாழ 2.5 கோடி ஹெக்டேர் காடு இருக்கிறது. அதில் 1 கோடி ஹெக்டேர் மனிதர் கையால் நட்டது. நட்டதிலும் இரண்டு மரங்களே பெரும்பங்கு: சுகி சுமார் 44 லட்சம் ஹெக்டேர், ஹினோக்கி சுமார் 26 லட்சம் ஹெக்டேர். போருக்குப் பின் வீடு கட்ட மரம் வேண்டும் என்று 1950களிலும் 60களிலும் மலை மலையாக நட்டார்கள். அவையெல்லாம் இன்று வெட்டும் பருவத்தில் நிற்கின்றன. வெட்டிப் பார்க்கும்போதுதான் உள்ளே இருக்கும் பழைய கணக்குகள் வெளியே வருகின்றன.

சுகியை ஜப்பானியத் தேவதாரு என்பார்கள். உண்மையில் அது தேவதாரு இல்லை. ஹினோக்கியைப் போல சைப்ரஸ் குடும்பம். டார்ஜிலிங் மலையில் 'துப்பி' என்று நட்டு வைத்திருக்கிறார்களே, அதே மரம்தான். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் சுகியைத் துளைக்கும் வண்டு ஹினோக்கியையும் விடுவதில்லை.

நான் ஒசாக்காவுக்குத் தெற்கே உள்ள கீ தீபகற்பத்து மலைகளில் மரம் அளந்து, வெட்ட வேண்டியதற்குக் குறிபோடும் வேலையில் இருக்கிறேன். ஜப்பான் 2024இல் வெளிநாட்டுத் தொழிலாளர் விசாவில் காட்டுத் தொழிலையும் சேர்த்த பிறகு, இங்கே வர நினைக்கும் நம் பிள்ளைகள் சிலர் விசாரிக்கிறார்கள். ரம்பம் பிடிப்பதை யாரும் கற்றுக்கொடுப்பார்கள். காயத்தைப் படிப்பதை அவ்வளவாகச் சொல்லித்தருவதில்லை.

முதலில் பழையதா, புதியதா?

எந்தக் காயமானாலும் முதல் கேள்வி இதுதான். மரத்தின் காயம் நம் தோலில் பட்ட காயம் போல ஆறுவதில்லை. உரிந்த இடத்தில் புதுத்திசு வருவது அரிது. விளிம்பிலிருந்து உதடு போலத் தசை பருத்து வந்து, ஆண்டுக்குக் கொஞ்சமாகக் காயத்தை மூடுகிறது. மூடிய பிறகும் கறையும் சொத்தையும் உள்ளேயே இருக்கின்றன. மேலே நல்ல பட்டை, அடியில் கறுத்த கட்டை. ஆகவே நீங்கள் இன்று காணும் வடு நேற்றைய சங்கதியாக இருக்க வேண்டியதில்லை.

வயதைக் கண்டுபிடிக்க எளிய வழி: வெட்டிய மரமாக இருந்தால் காயத்தின் குறுக்கே ஒரு வட்டு அறுத்து, பட்டையிலிருந்து உள்நோக்கி, மூடிவந்த உதட்டில் எத்தனை ஆண்டு வளையம் என்று எண்ணுங்கள். ஒரு சரிவில் இருபது முப்பது சுகி மரங்களின் அடியில் ஒரே மாதிரி வடுக்கள் இருந்தன. கரடி என்று நானே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். பிறகு வட்டு அறுத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் வளையம் பதினொன்று. கரடி ஒரே ஆண்டில் வந்து பிறகு வராமலே இருக்குமா? வடுக்கள் எல்லாம் மரம் இழுக்கும் பாதையைப் பார்த்த பக்கத்திலேயே இருந்தன, உயரமும் ஒன்றே. பதினோரு ஆண்டுக்கு முன் அங்கே இடைவெட்டு, அதாவது நெருக்கம் குறைய நடுநடுவே மரம் வெட்டும் வேலை, நடந்திருக்கிறது. கட்டையை இழுத்த கம்பி வடம் உரசி உரித்த பட்டை அது. கரடி பாவம்.

அன்றிலிருந்து நான்கு விஷயங்களை எழுதிய பிறகே காரணத்தை எழுதுகிறேன்: காயத்தின் உயரம், அது பார்க்கும் திசை, வெள்ளையில் பல் தடம் உண்டா இல்லையா, பக்கத்து மரங்களில் எத்தனையில் இருக்கிறது. வெள்ளை என்று நான் சொல்வது நம் ஊர்த் தச்சர்கள் சொல்லும் வெள்ளை, அதாவது வைரத்துக்கு வெளியே உள்ள இளமரம்.

அறிகுறி: பட்டை உரிந்து வெள்ளை தெரிகிறது

மே கடைசியிலிருந்து ஜூலை வரை, பட்டை நீண்ட நாடாவாக உரிந்து மேலே தொங்குகிறது. உரிந்த இடம் ஈரமாக மினுங்குகிறது. வெள்ளையில் மேலிருந்து கீழாக நெருக்கமான கோடுகள். இது கரடி. அந்தப் பருவத்தில் மரம் வேகமாக வளர்வதால் பட்டை எளிதில் கழன்றுவிடும், அடியில் இருக்கும் சாறு இனிக்கும். கரடி அடியில் பல்லைப் பதித்துப் பட்டையைப் பிடுங்கி மேல்நோக்கி இழுக்கிறது, பிறகு வெளிப்பட்ட வெள்ளையைக் கீழ்ப்பல்லால் சுரண்டுகிறது. நான் ஒருமுறை அந்தச் சுரண்டலைக் கிட்டே போய்ப் பார்த்தேன்: தேங்காய் துருவிய சிரட்டையின் உட்புறம் போல வரிவரியாக, ஒவ்வொரு வரியின் முனையிலும் சின்னச் சுருளாக மரச்சீவல். விரலை வைத்தால் ஒட்டியது. அதற்கு மேல் நின்று ரசிக்கக் கூடாது. ஈரம் காயாத உரிப்பு என்றால் உரித்தவர் பக்கத்தில்தான் இருப்பார். கரடிக்குக் கேட்கட்டும் என்று இடுப்பில் மணி கட்டியிருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அளவை நாளை எடுக்கலாம்.

எரிச்சலூட்டும் விஷயம், கரடி நோஞ்சான் மரத்தைத் தொடுவதில்லை. நன்றாகப் பருத்த, நாம் ஆசையாக வளர்த்த மரத்தைத்தான் தேடிப் போகும். அதுவும் அடிக்கட்டையை. ஒரு மரத்தின் விலையில் பெரும்பகுதி முதல் 3 அல்லது 4 மீட்டரில் இருக்கிறது. தூணாகவும் பலகையாகவும் போக வேண்டிய அந்தத் துண்டுதான் பாழாகிறது.

சுற்றளவு முழுவதும் உரிந்திருந்தால் அந்த மரம் பிழைக்காது. உடனே சாகாது, இலை சிவக்கச் சிறிது காலம் ஆகும். அதனால் பச்சையாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அடுத்த வெட்டிலேயே எடுத்துவிடுவது நல்லது. சொத்தை ஏறும் முன் எடுத்தால் பலகையாவது மிஞ்சும். பாதிக்கு மேல் பட்டை மிச்சமிருந்தால் மரம் பிழைக்கும், ஆனால் அடிக்கட்டையின் விலையை மறந்துவிடுங்கள். அதை நிறுத்தி வைப்பதா என்பது பக்கத்தில் நல்ல மரம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எல்லா மரமும் உரிந்த இடத்தில், உரிந்ததிலேயே நல்லதை நிறுத்தத்தான் வேண்டும். மலையை மொட்டையாக விட முடியாது. காயத்தில் பெயின்ட் பூசிச் சரிசெய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் பூசுவதில்லை. ஆயிரம் மரத்துக்குப் பூசி, பூசிய பூச்சுக்கு அடியில் சொத்தை வளர்வதைப் பார்ப்பதைவிட, அந்த நாளில் உரியாத மரத்துக்குப் பாதுகாப்புச் செய்வது மேல்.

பாதுகாப்பு என்பது பெரும்பாலும் அடிமரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாடாவோ வலையோ கட்டுவதுதான். நிறுத்தப் போகிற நல்ல மரங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். கட்டியவர்கள் மறந்துபோகிற ஒன்று: மரம் பருக்கும், நாடா பருக்காது. சில ஆண்டுக்கு ஒருமுறை தளர்த்திக் கட்டாவிட்டால், கரடி செய்யாததை நாடா செய்துவிடும்.

இனி மான். உரிப்பு ஒரு ஆள் நெஞ்சளவுக்கு மேல் போகவில்லை, வேர்ப்புடைப்பிலும் கடித்திருக்கிறது, பல் தடம் அகலமாக, மேலோட்டமாக, கொஞ்சம் சாய்ந்து இருக்கிறது. ஜப்பானியச் சிகா மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லைக் கொடுத்து, பட்டையை ஈறோடு சேர்த்துப் பிடித்து மேலே இழுக்கும். குளிர்காலத்தில் புல் இல்லாதபோது பசிக்காகத் தின்பது அதிகம். பனி ஒரு மீட்டர் விழுந்திருந்தால் மான் அதன்மேல் நின்று கடித்திருக்கும், எனவே கோடையில் பார்க்கிறவருக்கு உயரக் கணக்கு தப்பும். நாரா, மியே மாவட்ட எல்லையில் ஓதாய்காஹாரா என்ற மேட்டுநிலத்தில், நட்ட காடு அல்ல, இயற்கையான ஸ்ப்ரூஸ் காட்டிலேயே மான் பட்டை தின்று மரங்கள் செத்தன. இன்று அங்கே மரத்துக்கு மரம் கம்பி வலை சுற்றியிருப்பதைக் காணலாம்.

பட்டை தின்னப்படாமல் நார்நாராகக் கிழிந்து, மெல்லிய கீறல்களோடு, பளபளவென்று தேய்ந்திருந்தால் அது கொம்பு. கோடை முடிவில் ஆண்மானின் கொம்பு மேலுள்ள தோல் உரியும். அதன்பின் இணைசேரும் பருவம் முடியும் வரை கொம்பை மரத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். கை மணிக்கட்டு, கெண்டைக்கால் பருமனுள்ள இளமரங்களுக்கே இந்த ஆபத்து அதிகம். இடைவெட்டில் கிடைத்த கிளைகளை மரத்தின் அடியில் சுற்றிக் கட்டிவிட்டால் கொம்புக்கும் வாய்க்கும் தடை. செலவில்லாத வழி, கூலியைத் தவிர.

பல்தடமே இல்லை, கீறலும் இல்லை, காயம் பாதைப் பக்கம் மட்டும்? மேலே சொன்ன கம்பி வடத்தை, இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நட்ட கன்றின் நுனி காணோம்

வெட்டுவாயைப் பாருங்கள். கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருந்தால் முயல். பிய்த்துக் கிழித்தது போல இருந்தால் மான், காரணம் அந்த மேல்பல் இல்லாமைதான். தரையோடு ஒட்டிய பட்டை நுண்ணிய பல் தடத்தோடு வட்டமாகப் போயிருந்தால் பனிக்கு அடியில் எலி வந்திருக்கிறது. மானுக்கு வேலி ஆள் உயரத்துக்கு மேல் வேண்டும். அடியில் புகுந்துவிடாதபடி வலையைத் தரையில் மடித்து முளை அடிக்க வேண்டும்.

அறிகுறி: தண்டில் பிசின் வடிகிறது

பிசின் நோய் அல்ல; மரத்தின் அழுகை என்று வேண்டுமானால் சொல்லலாம். எதற்காக அழுகிறது என்பதுதான் கேள்வி. பிசின் வடியும் இடத்தில் உளியால் ஒரு தீப்பெட்டி அளவு பட்டையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு மரத்தில் செய்தால் போதும், பத்து மரத்தைப் புண்ணாக்க வேண்டாம்.

பட்டைக்கு அடியில் தட்டையான, வளைந்து வளைந்து போகும் சுரங்கம், அதில் இறுக அடைத்த மரத்தூளும் எச்சமும்: சுகி மீசைவண்டு. ஜப்பானியப் பெயர் சுகி-காமிகிரி. மார்ச் முதல் மே வரை வண்டு வெளியே வந்து பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உட்பட்டையைத் தின்று வளர்ந்து, கடைசியில் மரத்துக்குள் புகுந்து கூடமைத்து, வண்டாகியும் வெளிவராமல் குளிர்காலம் முழுக்க உள்ளேயே கிடக்கும். வெளியேறிய துளை வட்டமாக இராது, நீள்வட்டமாக இருக்கும். துளை இருந்தால் அந்த மரம் தோற்றுவிட்டது என்று பொருள். பிசின் மட்டும் இருந்து துளை இல்லையென்றால் மரம் புழுவைப் பிசினில் மூழ்கடித்து வென்றிருக்கலாம். ஆனாலும் வென்ற மரத்திலும் கறை நிற்கும். பலமுறை தாக்குண்ட மரத்தின் தண்டு முடிச்சு முடிச்சாகப் பள்ளமும் மேடுமாகிவிடும். ஜப்பானில் இதற்கு 'ஹாச்சிகாமி' என்று பெயரே உண்டு.

இந்த வண்டுக்கு ஒரு பலவீனம்: பகலில் முரட்டுப் பட்டைக்கு அடியில் ஒளிந்துகொண்டு இரவில்தான் தண்டில் ஏறி இறங்கும். எனவே மார்ச்சுக்கு முன் நெஞ்சுயரத்தில் பசை தடவிய பட்டியைச் சுற்றிவிட்டால், ஒளிய இடம் கிடைத்தது என்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஏப்ரலில் கட்டினால் பாதி முட்டை இட்டு முடிந்திருக்கும். தொங்கும் முரட்டுப் பட்டையைச் சுரண்டி எடுத்துத் தண்டை வழவழப்பாக்குவதும் உதவும். பத்திலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும் காட்டுக்கு இதைச் செய்யலாம். அதற்குமேல் போன காட்டில் துளை விழுந்த மரத்தை, உள்ளே மிச்சமிருக்கும் வண்டு வெளிவரும் முன், குளிர்காலத்திலேயே வெட்டி வெளியேற்றுவதுதான் வழி. வெட்டி அங்கேயே போட்டால் வண்டு அந்தக் கட்டையிலிருந்தே புறப்படும்.

கிளை புறப்படும் இடங்களில் சின்னச் சின்னப் பிசின் மணிகளும் அதோடு ஒட்டிய எச்சத் துகளும் மட்டும் இருந்தால், அது பட்டைக்குள் புகும் ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. மரம் சாகாது. பலகையில் பழுப்புப் புள்ளிகள் விழும், அவ்வளவுதான்.

சுரங்கம் எதுவுமே இல்லை. உட்பட்டை பழுப்பாகச் செத்திருக்கிறது. ஹினோக்கியின் தண்டு நெடுக மெழுகுவர்த்தி உருகினாற்போல் வெள்ளையாகப் பிசின் ஓடி உறைந்திருக்கிறது. தண்டின் ஒரு பக்கம் தட்டையாகியும் இருக்கிறது. இதுதான் 'ரோஷிப்யோ', பிசின் வடியும் நோய். சிஸ்டெல்லா என்ற பூஞ்சைக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் பூஞ்சையை மட்டும் குற்றம் சொல்வது பாதிக் கதை. பனிச்சுமையும் கடுங்குளிரும் தண்டைப் புண்ணாக்கும் இடங்களில்தான் இது தலைவிரித்தாடுகிறது. ஹினோக்கி இயற்கையாக வளரும் வடக்கு எல்லை புகுஷிமா மாவட்டம். அதைத் தாண்டியும், ஜப்பான் கடல் பக்கத்துப் பனி மலைகளிலும் விலை நன்றாக இருக்கிறது என்று நட்டார்கள். மரம் இடம் பிடிக்கவில்லை என்று சொல்கிறது. மருந்து கிடையாது. அதிகம் வடியும் மரங்களை இடைவெட்டில் கழித்துவிடலாம்; அந்தச் சரிவில் அடுத்த நடவுக்கு ஹினோக்கி வேண்டாம்.

அறிகுறி: தண்டில் நீளவாக்கில் பள்ளம், அல்லது வெடிப்பு

சுகியில் பள்ளம் விழுந்து அதன் நடுவே ஒரு காய்ந்த கிளையின் மொட்டை நீட்டிக்கொண்டிருந்தால், டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா மாவட்டத்துச் சான்பு பகுதியை நினைக்க வேண்டும். அங்கே சான்பு-சுகி என்று ஒரு வகை. நேராக வளரும், பெயர்பெற்ற மரம். போத்து வெட்டி நட்டே பெருக்கியதால் ஒன்றுக்கொன்று அச்சு அசல். ஒன்றுக்கு எது பலவீனமோ எல்லாவற்றுக்கும் அதுவே பலவீனம். காய்ந்த கிளை வழியே புகும் ஒரு பூஞ்சை தண்டைப் பள்ளம் பள்ளமாக அரித்துவிடுகிறது. 2019 செப்டம்பரில் சிபாவைத் தாக்கிய 15ஆம் எண் புயலில், இப்படி உளுத்திருந்த மரங்கள் இடுப்பில் முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்தன. அந்த மாவட்டத்தில் மின்சாரம் இல்லாமல் மக்கள் பல நாள் தவித்தார்கள். சாலைக்கும் கம்பிக்கும் அருகில் இத்தகைய பள்ளத்தைக் கண்டால் காட்டுக் கணக்கைப் பார்க்காமல் முதலில் அதை அகற்றச் சொல்லுங்கள்.

பள்ளம் தரையிலிருந்தே தொடங்கி அடிமரத்தோடு நின்றால் கோளாறு நாற்றங்காலில் நடந்தது. செந்நோய் என்ற பூஞ்சைநோய் பிடித்த நாற்றின் பச்சைத் தண்டில் விழுந்த புண், மரம் பருக்கப் பருக்கப் பள்ளமாக நீள்கிறது. வட அமெரிக்காவிலிருந்து நாற்றோடு வந்த பூஞ்சை என்கிறார்கள். நாற்றங்காலில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிப்பதும், புள்ளி விழுந்த நாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எரிப்பதும்தான் தீர்வு. முப்பது வயது மரத்தில் தெளித்துப் பயனில்லை.

பள்ளம் இல்லை, செத்த பட்டையும் இல்லை, நூல் பிடித்தது போல நேரான ஒரு வெடிப்பு, அதன் விளிம்பு வரப்பு போலப் புடைத்திருக்கிறது: உறைபனி வெடிப்பு. உள்ளே ஈரம் மிகுந்த மரம் கடுங்குளிரில் பிளக்கும், கோடையில் மூடப் பார்க்கும், அடுத்த குளிரில் மறுபடி பிளக்கும். இரவில் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் கேட்கும்.

இந்தப் பகுதியில் சொன்ன எந்த மரத்தையும் வெட்டும் முன் கைக்கோடரியின் பின்புறத்தால் தட்டிக் கேளுங்கள். 'டங்' என்று வந்தால் சரி. 'பொத்' என்று வந்தால் உள்ளே பொந்து. விழும் திசையைப் பிடித்துக்கொடுக்க வேண்டிய கெட்டியான கட்டை அங்கே இல்லை. புதியவர் அதைத் தொட வேண்டாம்.

அறிகுறி: ஹினோக்கியின் அடி குடம் போலப் பருத்திருக்கிறது

கிருமி அல்ல. சத்தும் ஈரமும் மிகுந்த பள்ளத்து மண்ணில் வேகமாக வளர்ந்த மரம். சாக்கே என்ற அரிசி மதுவின் குப்பி போலிருப்பதால் 'தொக்குரி' என்பார்கள். மேல்துண்டு நன்றாகவே இருக்கும்.

அறிகுறி: வெளியே ஒரு குறையும் இல்லை, பலகையில் கறை

அறுவை மில்லில்தான் இது தெரியும், அதுவும் நெஞ்சைப் பிளக்கும் நேரத்தில். வெளியே வழவழப்பான கட்டை. அறுத்துப் புரட்டினால் ஒரு கணுவிலிருந்து மேலும் கீழுமாகப் பழுப்புத் தீற்றல், அதன் நடுவே மெல்லிய புழுவழி. ஒரு முழம் தள்ளி இன்னொரு கணுவில் இன்னொன்று. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தாவுவதால் 'தோபிகுசாரே', தாவும் சொத்தை என்று பெயர். செய்தது இன்னொரு மீசைவண்டு. அது உயிருள்ள பட்டையைத் தொடுவதில்லை. தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த கிளையில் முட்டையிடும், புழு கிளை வழியே தண்டுக்குள் போய்த் திரும்பும். ஆக, காய்ந்த கிளையே இல்லையென்றால் வாசலே இல்லை. இளவயதிலிருந்தே ஒழுங்காகக் கவாத்து செய்த காட்டில் இந்தக் கறையைக் காண்பது அரிது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று கவாத்தை விட்ட காடுகள் இன்று அதற்கு வட்டி கட்டுகின்றன. வலிமை பெரிதாகக் குறைவதில்லை, பார்வைக்குத்தான் அசிங்கம். கீ தீபகற்பத்தில் இதை 'அகானே மரம்' என்று பெயரிட்டே விற்கப் பார்க்கிறார்கள். தரைப்பலகைக்கு நானே வாங்கியிருக்கிறேன், கறை ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிட்டது.

கட்டையின் வெட்டுமுகத்தில் நட்சத்திரம் போலக் கதிர்கதிராகக் கறை தெரிந்தால் மரக்குளவி. பெண்குளவி முட்டையோடு ஒரு பூஞ்சையையும் மரத்துக்குள் செலுத்தும். உயிருள்ள மரத்தில் புழு பிழைக்காது, பூஞ்சை போட்ட கறை மட்டும் தங்கிவிடும். குளவி பெருகுவது இடைவெட்டில் வெட்டி அங்கேயே கிடக்கவிட்ட கட்டைகளில். எடுத்துச்செல்லக் காசில்லாமல் மலையில் போட்டுவிட்டு வந்ததைச் சில ஆண்டு கழித்து நிற்கும் மரங்களில் பார்க்கிறோம்.

கடைசியாக, பலகையில் நாருக்குக் குறுக்கே மடிந்தாற்போல் மெல்லிய கோடு. நகத்தால் வருடினால்தான் தெரியும். இது 'மோமே': புயலில் மரம் வளைந்தபோது உட்பக்கத்து நார் நசுங்கிய இடம். 1991இன் 19ஆம் எண் புயல் க்யூஷு மலைகளைச் சாய்த்த பிறகு, சாயாமல் நின்ற மரங்களையும் இப்படிச் சோதிக்க வேண்டியிருந்தது. தண்டின் மேல் குறுக்கே மோதிரம் போல ஒரு மெல்லிய புடைப்பு இருந்தால் உள்ளே இது இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற கறைகளில் அழகு போகும், இதில் ஆள் போய்விடலாம். பலகை எச்சரிக்கை இல்லாமல் பட்டென்று ஒடியும். சாரத்துக்கும் ஏணிக்கும் உத்தரத்துக்கும் கொடுக்காமல், குறுக்காக அறுத்துத் துண்டாக்கிவிடுங்கள்.